இருளம்மாள் வைக்கச் சொன்ன முடி

தேனி கடைவீதியில் மாடிமேல் கண்ணாடிக்கூரை போட்டு ஸ்டூடியோ வைத்தவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு, அதையும் முழுதாகப் படிக்கவில்லை. மதுரையில் ஒரு படக்காரரிடம் தண்ணீர் சுமந்து, தகடு கழுவி, தொழிலைக் கண்ணால் பார்த்தே எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இது இருளம்மாளைப் பற்றியது. 'பலவேசம் ஸ்டூடியோ நிலைத்ததில் பாதி இருளம்மாளால்' என்று கடைவீதியில் சிலர் பேசுவதுண்டு. பாதி இல்லை. கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மாடிப்படிக்குக் கீழே பூ விற்றவள் அவள். சொந்த ஊர் வீரபாண்டி. புருஷன் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி யாராவது பரிதாபமாகக் கேட்டால், "போனவன் செருப்பையாச்சும் விட்டுட்டுப் போயிருக்கலாம், எனக்கு அளவா இருந்துச்சு" என்பாள். என்னைவிட மூத்தவள் என்பதால் நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னைத் தம்பி என்றாள், கோபம் வந்தால் ஏலே என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் தொழிலுக்கு எதிரி வெள்ளிக்கிழமை. கல்யாணத்துக்குக் காட்ட வேண்டிய பெண்ணை நல்ல நாளில்தான் படம் எடுப்பார்கள், அதாவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிப்பார்கள். குளித்த முடி பஞ்சுபோல் நிற்கும். ஆனி பிறந்தால் கம்பத்துப் பக்கமிருந்து காற்று இறங்கும், ஜன்னலை அடைத்தாலும் எப்படியோ உள்ளே வரும். காமிரா மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடுவதற்குள் தலையைச் சுற்றி நூறு முடி எழுந்து ஆடிவிடும். எண்ணெய் தடவி அடக்கலாம் என்றால், படத்தில் உச்சந்தலை சுண்ணாம்பு அடித்த மாதிரி பளபளக்கும்.

அந்நிய ஆண் ஒரு பெண்ணின் முடியைத் தொடவும் முடியாது. பத்தடி தள்ளி நின்று, "ஆத்தா, காதுக்கு மேல ஒரு முடி, அந்தக் காது இல்லை, இந்தக் காது" என்று நான் கத்துவேன். பெண்ணின் தாயார் கையை வைத்து இன்னும் நாலு முடியைக் கிளப்பிவிடுவார்.

ஒருநாள் பூச்சரம் கொடுக்க மாடிக்கு வந்த இருளம்மாள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே இறங்கிப் போய், எங்கிருந்தோ ஒரு கற்றாழை மடலை ஒடித்துவந்து, அதன் வழுவழுப்பான சோற்றை உள்ளங்கையில் தேய்த்து, பெண்ணின் தலையை ஒரு தடவு தடவினாள். முடி படிந்தது, பளபளப்பும் இல்லை. அன்றிலிருந்து பெண்கள் படம் என்றால் கீழே எட்டிப்பார்த்து ஒரு குரல் கொடுப்பேன். பூக்கூடையை எடைக்கல் வைத்து மூடிவிட்டு வருவாள்.

அதற்கும் அடங்காததை நான் டச்சிங்கில், அதாவது தகட்டிலேயே கைவைத்துத் திருத்தி, முடிப்பேன். கண்ணாடித் தகட்டில் எல்லாம் மாறித் தெரியும். கருப்பு முடி அங்கே வெளிச்சக் கோடாக நிற்கும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பினால், அச்சுப் போடும்போது முடி இருக்காது. இதில் மதுரைவரை எனக்குச் சமமான கை கிடையாது. மதுரைக்கு அந்தப் பக்கம் நான் விசாரிக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் குச்சனூர்ப் பக்கத்து விவசாயி சுருளிவேல் தன் மகள் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். வீரபாண்டித் திருவிழாவில் கொட்டகை போட்ட ஒருவன் எடுத்தது. பெண்ணின் முடி நாலாபக்கமும் பறந்து, கண் இரண்டும் அகல விழித்து இருந்தது.

"ஒரு சம்பந்தம் இதைப் பார்த்துத்தான் விட்டுப்போச்சு அண்ணாச்சி. சாமியாடுற புள்ளையானு கேட்டுட்டாக."

இருளம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். "கேக்காம என்ன செய்வாக? தீச்சட்டி ஒன்னுதான் கையில இல்ல."

"காத்தடிச்சா நான் என்ன செய்ய?" என்றாள் ராமுத்தாய்.

"கண்ணையுமா காத்து தொறந்துச்சு?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருளிவேலுக்கு வரவில்லை. உத்தமபாளையத்திலிருந்து இப்போது ஒரு இடம் கேட்டிருக்கிறது. பையன் பெயர் கர்ணன், மலையில் எஸ்டேட் கணக்குப்பிள்ளை. எல்லாம் அவன் தாயார் கஸ்தூரியம்மாள் கையில். எங்கள் பக்கம் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது பெண்ணுக்குப் பெரிய குறை. அதனால் படத்தைப் பார்த்து மனசு ஒத்த பிறகுதான் வண்டி கட்டுவார்கள். ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போன பெண். இதுவும் தட்டினால், மூன்றாவதாக ஒருவர் வந்து கேட்பது நடக்காது.

"கவலைய விடுங்க. ஒரு முடி பறக்காது" என்றேன்.

பறக்கவில்லை. இருளம்மாள் கற்றாழை தடவினாள், நான் மூன்று எண்ணினேன், மிச்சத்தைப் பென்சிலால் முடித்தேன். கழுவி எடுத்த படத்தில் தலை கடைந்தெடுத்த கல் மாதிரி இருந்தது. நான் செய்த டச்சிங்கிலேயே அதுதான் முதலிடம் என்று இன்றும் சொல்வேன்.

அடுத்த வாரம் சுருளிவேல் அதே படத்தோடு திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா எடுத்துட்டீக அண்ணாச்சி. அதான் வினையாப் போச்சு."

"என்ன சொல்றாக?"

"'தலைக்குக் குளிச்ச புள்ளைக்கு ஒரு முடியாச்சும் பறக்காதா? இது சவுரி. மொட்டைத் தலையில ஒட்டுமுடி வச்சுக் காட்டுறாக'னு அந்தம்மா சொல்லியிருக்காக. கோயிலுக்கு முடி இறக்கின தலையா, இல்ல நோவுல கொட்டின தலையானு ஊரெல்லாம் விசாரிக்க ஆள் விட்டிருக்காக."

எனக்குக் கோபம் வந்தது. என் கைத்திறமையைச் சவுரி என்று சொன்னால் வராதா? இருளம்மாள் கீழே பூக்கட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு நாரைக் கடித்து அறுத்துவிட்டு மேலே வந்தாள்.

"முடிய எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வைக்கத் தெரியாதா?"

"யாரும் வச்சதில்லக்கா."

"ஊர்ல யாருமே செய்யாததச் செஞ்சவன்னு காலையிலிருந்து சொல்லிக்கிட்டிருக்க. இதையும் செய்."

முடியை மறைக்கத்தான் பென்சில். வைக்க வேண்டுமென்றால் கத்தி. தகட்டில் பூசியிருக்கும் மருந்தைக் கத்தி முனையால் மயிரிழை அளவு சுரண்டினால், அச்சில் அந்த இடத்தில் கருப்புக் கோடு விழும். கத்தி கொஞ்சம் அழுந்தினால் மருந்து பெயர்ந்து காதோடு போய்விடும். தகடு ஒன்றுதான் இருந்தது. திரும்ப எடுக்கலாம் என்றால், பெண்ணை இரண்டாம் தடவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

ஜன்னலோரம் தகட்டை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இருளம்மாள் பக்கத்தில் நின்றாள். சுருளிவேல் படிக்கட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"நெத்தியில ஒரு ரெண்டு வைக்கவா?" என்றேன்.

"நெத்தியில பறந்தா திரும்பவும் சாமி வந்துரும். கம்மல் போட்ட காதுகிட்ட வை. ஒன்னு நீளமா. இன்னொன்னு கொஞ்சம் சுருண்டு."

"எப்படிச் சுருண்டு?"

காதோரம் இருந்த தன் நரைமுடி ஒன்றை விரலில் சுற்றி விட்டுக்காட்டினாள். அதைப் பார்த்தேன், மூச்சை அடக்கினேன், இழுத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று இருளம்மாள் கடைசிவரை சொல்லிவந்தாள். அது பொய்.

அச்சுப் போட்டதும் இரண்டு முடி அழகாக விழுந்திருந்தது. சுருளிவேலிடம், "முன்ன போனது டச்சிங் பண்ணினது, இதுதான் கை படாத படம்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆடி பிறக்குமுன் பெண் பார்க்க வருவதாகக் கஸ்தூரியம்மாளிடமிருந்து தகவல் வந்தது.

அவர்கள் வருகிற அன்று இருளம்மாள் பூவோடு சுருளிவேல் வீட்டுக்குப் போனாள். படம் எடுத்தவன் என்ற முறையில் நானும் போனேன். உள்ளே போன இருளம்மாள் போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"ஏலே, குடி கெட்டுச்சு. இவ ஆத்தா விளக்கெண்ணெயக் கவுத்து வழிச்சு வாரி வச்சிருக்கா. வெண்ணெயில செஞ்ச தலை மாதிரி இருக்கு. நீ வச்ச முடி எங்க?"

தெருவில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. தலைக்கு ஊற்ற நேரமில்லை. இருளம்மாள் சுற்றிலும் பார்த்தாள். சாமிப் படத்துக்குக் கீழே விபூதித் தட்டு இருந்தது. எண்ணெயை உறிஞ்ச அதில் ஒரு கை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கஸ்தூரியம்மாள் ஆஜானுபாகுவான மனுஷி. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, சுருக்குப்பையிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராமுத்தாய் காப்பித்தட்டோடு வந்து நின்றாள். கம்மல் போட்ட காதோரம் இரண்டு முடி எண்ணெய் வற்றி எழுந்து நின்றது. ஒன்று நீளம், ஒன்று சுருள்.

கஸ்தூரியம்மாள் படத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்த இரண்டு முடியையும் விரலில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஆ, வலிக்குது" என்றாள் ராமுத்தாய்.

"வலிச்சாச் சரி" என்று கையை எடுத்தார். எடுத்தவர் விரலைப் பார்த்தார். "இதென்ன, காதுல விபூதி?"

"சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வந்த புள்ள" என்றாள் இருளம்மாள். "பூசாரிக்குக் கை நடுக்கம், நெத்தின்னு காதுல வச்சுட்டாரு."

கஸ்தூரியம்மாள் சம்பந்தியம்மாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பூவைக் கேட்டார். அவர் கையாலேயே பெண்ணுக்கு வைத்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். மணவறைப் படத்துக்குக் காமிராவோடு நான்தான் போனேன், பூவோடு இருளம்மாளும் வந்திருந்தாள். மூடியில் கைவைத்த சமயம் கஸ்தூரியம்மாள் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, எம் மருமகளுக்குக் காதுகிட்ட ரெண்டு முடி அடங்காது. பொறந்ததிலிருந்தே அப்படித்தானாம். அது விழுகணும், பாத்து எடுங்க."

அன்று இலை அசையவில்லை. பெண்ணின் தலை எண்ணெயில் படிந்து கிடந்தது. நான் இருளம்மாளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாருத்தா அங்கன," என்றாள், "அந்த விபூதித் தட்ட எடுத்தா."