எஸ்தரம்மாவின் கையெழுத்து

சமூகத்தோடு இணைந்து கற்கும் பாடங்களை வடிவமைப்பது என் வேலை. அதாவது, யாரும் அழைக்காத இடத்துக்கு மாணவர்களை எந்த வாரம் கூட்டிச்செல்வது என்று அட்டவணை போடுவது. களப்பணித் தாள் என்னும் பாடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்ட சக ஆசிரியர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

குழுவின் முன்

கோவளத்தில் மீன் விற்கும் பெண்களிடம் தேவையைக் கேட்டறிந்து, அதன்பின் மாணவர்கள் பணியைத் தொடங்குவார்கள் என்று பாடத்திட்ட வரைவில் எழுதியிருந்தேன். செங்கல்பட்டில் கூடிய எங்கள் பாடத்திட்டக் குழு இரண்டு திருத்தங்கள் சொன்னது. அடுத்த ஆண்டும் மாணவர்கள் வரலாம் என்று அந்தப் பெண்கள் பருவ இறுதியில் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் தாள் நீக்கப்படும். இரண்டாவதைக் குழுத் தலைவர் கனிவாகவே சொன்னார்: "தேவை என்னன்னு இப்பவே எழுதிடுங்க மேடம். கேக்கறத அப்புறமா கேட்டுக்கலாம்."

நாற்பது கேள்விகள்

மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி எஸ்தரம்மா. மாணவி திவ்யா எங்கள் நாற்பது கேள்விப் படிவத்தின் முதல் கேள்வியைப் படிப்பதற்குள் அவர் எட்டுக் கேள்விகளுக்கு வரிசை பிசகாமல் பதில் சொல்லிவிட்டார். எங்களுக்கு முன்பே நான்கு கல்லூரிகள் வந்துபோயிருந்தன. பிறகு படிவத்தை வாங்கிப் புரட்டினார். "இன்னாம்மா, இதுல கக்கூஸ் கேள்விய காணோம்? போன காலேஜு கேட்டுச்சே."

வேன் படிக்கட்டு

படிவத்தை மூடிவிட்டு, சிரமம் என்னவென்று கேட்டேன். மீன் கூடையைக் கண்டால் கேளம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்பதில்லை என்றார். விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டலாம் என்றார்கள் மாணவர்கள். முதலில் ஒரு காலை கூடையோடு சாலையில் நின்று பாருங்கள் என்றேன். நின்றார்கள். ஐந்து ஆட்டோக்கள் வேகம் குறைத்து, முகர்ந்து, பறந்தன.

சோர்ந்து திரும்பியவர்களை எங்கள் கல்லூரி வேன் ஓட்டுநர் கதவருகே கைநீட்டித் தடுத்தார். "மீன் வாடையோட ஏறாதீங்கம்மா. சாயந்தரம் பிரின்சிபால் இதுலதான் போவணும்."

கடிதம்

இருக்கைகளில் செய்தித்தாள் விரித்த பிறகே அன்று ஏற முடிந்தது. எஸ்தரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரொட்டியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. பருவ இறுதியில், குழு கேட்ட ஒப்புதல் கடிதத்தை எஸ்தரம்மாவிடம் நீட்டியபோது, மறுப்பார் என்றே நினைத்தேன். இரண்டு முறை படித்தார். எங்களை இறக்கிவிட்டபின் வேன் எங்கே போகிறது என்று விசாரித்தார். மதியம் வரை கடற்கரையில்தான் நிற்கும் என்றேன்.

"பசங்கள அனுப்பு டீச்சர், வாணாங்கல. வண்டி சும்மா நின்னுகினுதான கீது? எங்கள கேளம்பாக்கத்துல வுட்டுட்டு வரட்டும். அத எழுது, கையெழுத்து போடறேன்."

கல்லூரி முதல்வர் ஒப்புக்கொண்டார், தாள் பிழைத்தது. ஆனால் சமூகத்தோடு இணைவதில் இதுவரை முழு மதிப்பெண் பெற்றிருப்பது எங்கள் வேன் ஒன்றுதான்.