வெர்லின் வண்டி தானாக நின்றதே இல்லை

என் தங்கை புருஷன் வெர்லின் செட்லாசெக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் மாவட்டம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. உண்மை என்னவென்றால் அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் மழை, மாடு, வண்டி இந்த மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு கோடைக்காலம் முழுக்க அண்டப்புளுகனாகத் திரிந்தான். எல்லாம் அந்த வண்டியால் வந்த வினை.

எழுபத்தெட்டாம் வருடத்துப் பிக்கப் அது. நான் சொல்வது தொண்ணூற்றெட்டில் நடந்தது என்பதால், அதற்குள் வண்டிக்கு வாலிபம் போய்விட்டிருந்தது. உடம்பு பச்சை, ஒரு கதவு வெள்ளை, பானெட் நீலம். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கைப்பிடி உடைந்த இடத்தில் ஒரு குறடைக் கவ்வவிட்டு, அதைத் திருகித்தான் கண்ணாடியை இறக்குவான். தரையில் துரு தின்ற ஓட்டையை விதைக் கம்பெனியின் தகர விளம்பரப் பலகையை வெட்டி அடைத்திருந்தான். உள்ளே உட்கார்ந்தால் இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு மக்காச்சோளக் கதிர் சிரிக்கும். மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுப்பது அவனுக்கு, தன் பல்லை இன்னொருவனை விட்டுத் துலக்கச் சொல்வது மாதிரி. எல்லாம் அவனே செய்வான். அடியில் படுத்து விளக்குப் பிடித்து, கண்ணில் எண்ணெய் சொட்ட வாங்கிக்கொள்வது மட்டும் என் வேலை.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு வியாதிதான் தீரவில்லை. வெயில் ஏறினால் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் வழியில் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வண்டி இரண்டு முறை இருமும், மூன்றாவது முறை நின்றுவிடும். அதன் பிறகு சாமியே வந்து சாவியைத் திருப்பினாலும் கிளம்பாது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

முந்தின வருடம் மாவட்டக் கண்காட்சி நாளன்றும் இதுதான் நடந்தது. என் தங்கை ஆர்லிஸ் கசகசாப் பூரணம் வைத்துச் சுடும் கொலாச்சி ரொட்டிக்கு வருடா வருடம் முதல் பரிசு. அன்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் வெந்தாள். போய்ச் சேர்ந்தபோது மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். டின்னில் அடைத்து விற்கும் பூரணத்தை வைத்த லவோனுக்கு முதல் பரிசின் நீல ரிப்பன். ஆர்லிஸ் அழவில்லை. அழுதிருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இனிமே ஒரே ஒரு தடவை இது என்னை நடு ரோட்டுல நிறுத்தட்டும். அன்னிக்கே ஹார்லன்கிட்ட போயிடும்," என்றாள்.

ஹார்லன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான். கண்காட்சிக் கடைசி நாளில் பழைய வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்குகிற போட்டி நடக்குமே, அதில் பைத்தியம் அவனுக்கு. உடனே அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். இன்னொரு தடவை நின்றால் வண்டியைக் கொடுத்துவிடுவதாக வெர்லின் ஊர் பார்க்கச் சத்தியம் செய்தான். அடுத்த கோடை பிறந்ததும் ஹார்லன் பெயின்ட் டப்பாவோடு வந்து, எண் எழுத வெள்ளைக் கதவு தோதாக இருக்குமா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூனில் முதல் முறை நின்றது, சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில். நான் ஓர ஆளாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பானெட் திறந்திருந்தால் போகிற வருகிற எல்லாரும் நிறுத்தி, இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆகையால் பானெட்டைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெர்லின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். பிறகு, பறவை பார்க்கலாம் என்று நிறுத்தியதாகச் சொன்னான்.

பிறந்ததிலிருந்து எல்லாப் பறவையையும் குருவி என்றே சொல்லிவந்தவன் அவன். அன்று அரைமணி நேரத்தில் எத்தனையோ பறவைகளுக்குப் பெயர் வைத்தான். ஒன்றுக்கு வாய் கூசாமல் "மணல்மூக்கன்" என்றான். ஆர்லிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வெர்லின் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி, சௌக்கியம், போங்கள் என்று காட்டினான். நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது.

அடுத்த முறை லூத்தரன் சர்ச் வாசலில். நாங்கள் கத்தோலிக்கர்கள், அந்தப் படியை மிதித்ததே இல்லை. உள்ளே ஒரு சாவுப் பூசை நடந்துகொண்டிருந்தது. வேறு காரணம் எதுவும் கண்ணில் படாததால், துக்கத்துக்குத்தான் வந்தோம் என்று சொல்லிவிட்டான். தொட்டி கழுவிய பூட்ஸோடு போய் உட்கார்ந்தான். பெட்டி தூக்க ஒரு ஆள் குறைந்தது, அவன் தோள் அகலம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். தன் புருஷனை எப்படித் தெரியும் என்று செத்தவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க, "ஒண்ணாப் படிச்சோம்" என்றான். செத்தவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. அந்த அம்மாள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டாள். நல்ல ஆள் என்றான். அது போதும் என்று அவள் சொன்னாளாம். கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது முறை ஒரு பண்ணை ஏலத்தின் நட்ட நடுவில். ஏலம் எடுக்கத்தான் வந்தோம் என்று சொல்லித் தொலைத்தான். வேர்வையைத் துடைக்கத் தொப்பியைத் தூக்கினான், அவன் விலை கேட்டதாக ஏலக்காரன் கணக்கில் எடுத்துக்கொண்டான். இரண்டு ஈமு கோழிகள் அவன் தலையில் வந்து விழுந்தன. ஈமு வளர்த்தால் கோடீஸ்வரனாகலாம் என்று நம்பி எங்கள் மாநிலத்தில் பாதிப் பேர் மொட்டையடித்துக்கொண்ட காலம் அது, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவை பின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஆர்லிஸின் கொண்டை ஊசியைப் பிடுங்கின. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டி வீடு வந்து சேர்ந்தபோது நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. அவனுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

எல்லாவற்றையும் தூக்கியடித்தது லூமிர் பெசெக் வீட்டு வாசலில் நின்றதுதான். வேலித் தகராறில் லூமிரும் வெர்லினும் பேச்சை நிறுத்திப் பல காலம். செத்தாலும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று இருந்த இருவர். அந்த வாசலில் வண்டி இருமியதும் வெர்லின் முகம் சுண்டிவிட்டது. சமாதானம் பேச வந்தேன் என்பதைத் தவிர வேறு வழி இல்லை. போய்ப் பேசினான். லூமிர் தேம்பி அழுதுவிட்டு, சீட்டுக்கட்டை எடுத்துவந்தான். அன்று முதல் வாராவாரம் சீட்டாட வந்துவிடுகிறான்.

"அவனைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்ன பண்றது, நண்பனாயிட்டான்," என்று வெர்லின் என்னிடம் புலம்பினான்.

இத்தனைக்கும் நடுவே வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டினால் சூடு இறங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இறங்குமா என்று யாருக்கும் தெரியாது, மாட்டாதவனும் கிடையாது. வெர்லின் கொடியிலிருந்து திருடித் திருடி மாட்டினான். பானெட்டைத் திறந்தால் குழாய் முள்ளம்பன்றியாக நிற்கும். அதற்கு மேல் ஈரத்துணி சுற்றினான், அதற்கு மேல் அடுப்படியில் வைக்கும் அலுமினியத் தாள்.

ஒரு நாள் ஆர்லிஸ் துணி உலர்த்துகிற இடத்தில் என்னை நிறுத்தினாள். கொடியில் படுக்கை விரிப்பு முடிச்சுப் போட்டுத் தொங்கியது. கையில் கடையிலிருந்து வந்த புது கிளிப்புக் கட்டு இருந்தது.

"இதை அவன் கண்ணுல படுற மாதிரி வை. மரத்துலதான் வாங்கியிருக்கேன், பிளாஸ்டிக்குன்னா எஞ்சின்ல உருகிடும்," என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மணல்மூக்கனிலிருந்து என்றாள். அப்படியானால் சத்தியத்தை ரத்து செய்துவிட்டு அந்த மனுஷனை நிம்மதியாகத் தூங்க விடலாமே என்றேன்.

"விட்டா என்ன பண்ணுவான் தெரியுமா? பழையபடி பானெட்டைத் தூக்கிட்டு உள்ளே தலையை விட்டுக்குவான். நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கேன்னே நினைப்பு இருக்காது. கல்யாணமான நாளா அவன் முதுகைத்தான் பார்த்திருக்கேன், டெல்மர். இந்தக் கோடையிலதான் மூஞ்சியைக் காட்டறான். பொய்யாவே இருக்கட்டும். நீ ரொம்ப நல்லா ரிப்பேர் பண்ணிடாதே, சொல்லிட்டேன்."

அதாவது, வண்டியின் அடியில் படுத்தால் இவனுக்குச் சரிசெய்ய வேண்டும், எழுந்து வந்தால் அவளுக்குச் சரிசெய்யாமல் இருக்க வேண்டும். நான் விளக்கைத் தப்பான இடத்தில் பிடித்தேன். ஸ்பேனரை ஒளித்து வைத்தேன். பன்னிரண்டாம் நம்பர் கேட்டால் பத்தைக் கொடுத்தேன். எனக்குக் கண் மங்கிவிட்டது என்று வெர்லின் ஊரெல்லாம் சொல்லி அனுதாபப்பட்டான்.

ஆனால் அவன் லேசுப்பட்டவன் இல்லை. ஆகஸ்டில், நான் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்து, பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிவிட்டான். குழாயை எஞ்சின் சூடு படாத பக்கமாக வளைத்து விட்டான். கிளிப்புகளையெல்லாம் கழற்றி, கழுவி, மறுபடியும் கொடியிலேயே மாட்டினான். திரும்பிவந்த நான் அதைப் பார்த்தேன். ஆர்லிஸும் பார்த்தாள். இழவு வீட்டில் நிற்கிற மாதிரி கொடிக்குக் கீழே நின்றாள்.

மறுநாள் மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்க மூவரும் கிளம்பினோம். வெர்லின் ஓட்ட, அவள் நடுவில், நான் கதவோரம். அனல் காற்று. வண்டி இருமவில்லை. சதுப்பு நிலத்தைத் தாண்டினோம், சர்ச்சைத் தாண்டினோம். வெர்லின் தன்னை மறந்து சீட்டியடித்தான். லூமிர் வாசலில் நின்று கையாட்டினான், இவன் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கோடை முழுக்க ஒரு பெண்பிள்ளையை வாய் நிறையச் சிரிக்க வைத்தவன், ஒரு பம்பை மாட்டியதும் பழைய கல்லாகிவிட்டானே என்று வயிறு எரிந்தது.

மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தில் ஆர்லிஸ் குனிந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். வண்டி தானாக உருண்டு, புல் ஓரமாக வந்து நின்றது. சுற்றிலும் எதுவும் இல்லை. பறவை இல்லை, சாவு இல்லை, ஏலம் இல்லை. மணல் மேடும் வேலியும்தான்.

"நடு ரோட்டுல நின்னுடுச்சு, வெர்லின்," என்றாள்.

"நீதானே அணைச்சே?"

"நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு."

"அப்போ ஏன் நின்னோம்னு சொல்லு. இல்லேன்னா இன்னிக்கே ஹார்லனுக்குப் போன் பண்ணிடுவேன்."

அவனுக்கு முகம் வெளிறியது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வேலிக் கம்பத்தைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். ஒரு கோடை முழுக்கப் பொய்யாகக் கொட்டியவனுக்கு, வேண்டும்போது ஒன்றுகூட அகப்படவில்லை. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது, கண்ணாடியும் இறங்காது. அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று அவன் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறான். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இல்லாத மாட்டைப் பார்த்தேன்.

கடைசியில் வெர்லின் பேசினான். "உன்கூடக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாம்னுதான்."

"இதுவும் பொய்யா?"

அவன் யோசித்தான். கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு யோசிப்பானே, அதே முகம். "சொல்ல ஆரம்பிக்கும்போது பொய்தான்," என்றான். "சொல்லி முடிக்கறதுக்குள்ள இல்லே."

ஆர்லிஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, ஹார்லனை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். வெர்லின் பெருமூச்சு விட்டுச் சாவிக்குக் கையை நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆறட்டும்," என்றாள்.

எஞ்சினை ஆறவிட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.