அலமாரிக்குள் அதிர்ந்த போன்

அரசுப் பள்ளி அலுவலகத்தில் பதினாறு வருடமாக உதவியாளராக இருக்கும் அவளைப் பிள்ளைகள் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் மாணவர்களின் செல்போன்களை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டுவதும், கடைசி மணி அடித்ததும் திருப்பிக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. இடையில் திறக்கத் தலைமையாசிரியையின் கையெழுத்து வேண்டும். போன மாதம் யாரோ ஒரு அம்மா விடாமல் அழைக்கிறாளே என்று இரக்கப்பட்டுத் திறந்தாள். மகன் மறந்துவிட்டுப் போன நோட்டு விஷயம். மெமோ வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு போன் உள்ளே ஓயாமல் அதிர்ந்தபோது, கேளாததுபோல் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருந்தார். அலுவலகத் தொலைபேசி இரண்டு நாளாகச் செத்துக்கிடந்தது.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். கசங்காத சட்டை, பணிவான குரல். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா. சேர்க்கைப் படிவத்தில் அவர் பெயரும் இருந்தது.

"அவ அத்தைக்கு ரொம்ப முடியலம்மா. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடறேன்."

சாவியக்கா ஆள் அனுப்ப, வகுப்பிலிருந்து வந்த பெண் அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அக்கா, என் போனைக் குடுங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லையேம்மா. நான் திறக்கக் கூடாது."

"ஒரே நிமிஷம்க்கா."

"என் போன்ல பேசிக்கலாம், வா," என்று அப்பா அவள் தோளில் கைவைத்தார்.

அவர்கள் போன பிறகும் அலமாரி அதிர்ந்தது.  நடப்பது நடக்கட்டும் என்று சாவியக்கா திறந்தாள். அந்தப் பெண்ணின் போன்தான். திரையில் 'அம்மா'. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கண்ணு, அப்பா வந்தா போகாத! கோர்ட்டு உன்னை என்கிட்ட விட்டுடுச்சுன்னு வெறியில இருக்காரு. தூக்கிட்டுப் போயிடுவேங்கறாரு!"

"நான்... ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா."

 "அனுப்பிட்டீங்களா?"

செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள் சாவியக்கா. தெரு முனைவரை ஓடினாள். போகிற வண்டிகளையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றிலும் அந்த முகம் இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஈர உடுப்போடு அந்தத் தாய் வந்து சேர்ந்தாள். கத்தவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து, "போகும்போது என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்ககிட்ட பேசணும்னு சொன்னா."

போலீஸ் ஊர் ஊராகத் தேடியது.  ஆறாம் நாள் எங்கோ ஒரு விடுதி அறையிலிருந்து பெண்ணை மீட்டு வந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் தாய் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். பெண் கதவோரம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"உங்களைத் திட்டினா இவ பேசிடுவாளா? சீக்கிரம் எழுதிக் குடுங்க. வேலைக்குப் போகணும்."

சாவியக்கா எழுத உட்கார்ந்தாள். பெயரைத் தப்பாக எழுதி இரண்டு தாள் வீணானது. மூன்றாவதில் எப்படியோ எழுதி முடித்தாள்.