தரையில் ஒயர் இல்லாத வீடு

அந்தத் தெருவில் எவருடைய எடைக்கருவி பழுதானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். "தராசக்காகிட்ட குடு" என்பார்கள். அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒற்றை அறைப் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்னணுத் தராசுகளைத் திறந்து, துடைத்து, சரிசெய்து கொடுத்து வருகிறார். வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை நோட்டில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுவார். வாடிக்கையாளர் தலைமேல் நின்று அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார்.

வீட்டில் அவரும் தம்பியும் மட்டுமே. தம்பிக்கு இருபத்தாறாம் வயதில் கண் நரம்பு நோய் வந்து பார்வை முழுவதும் போயிற்று. இப்போது முப்பத்தைந்து வயது; ஒரு மருத்துவமனையில் தொலைபேசி மேசையில் வேலை. ஞாயிறு பிற்பகலானால் அவனுடைய பள்ளித் தோழனான கூரியர்காரன் வந்துவிடுவான். இருவரும் பழைய வீடியோ கேம் கன்சோலை இயக்கி, இரண்டு பேர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். பார்வை இருந்த காலத்தில் திரையைப் பார்த்து ஆடியதைத் தம்பி பிறகு காதால் ஆடக் கற்றுக்கொண்டான். எதிராளியின் காலடி இடக்காதில் கேட்டால் இடப்பக்கம். ஒவ்வோர் உதைக்கும் தனி ஓசை. தோழன் எந்தச் சலுகையும் காட்டமாட்டான். தோற்றால் வாய்க்கு வந்தபடி கேலியும் செய்வான். வெளியுலகில் எல்லோரும் தம்பியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைக்கத் துடித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் எவரும் அவனுக்கு வழிவிடவில்லை.

அந்தக் கன்சோல் ஒருநாள் உயிரை விட்டது. உதிரிபாகமும் கிடைக்கவில்லை. கூரியர்காரன் தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து, கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்னும் மென்பொருளை அதில் ஏற்றி, தம்பியிடமிருந்த விளையாட்டுத் தட்டையும் நகலெடுத்துக் கொடுத்தான். ஆட்டம் ஓடியது. ஆனால் ஒலியோ, சரளைக்கல்லின்மேல் மிதிவண்டி ஓட்டுவதுபோலக் கரகரத்தது.

தராசக்கா இணையத்தில் தேடினார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு நெருங்கிவிட்ட பதற்றத்தில், வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்: ஆறு அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றினார், ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. கரகரப்பு நின்றது. அதற்குப் பதிலாக ஒலி தாமதமாக வரத் தொடங்கியது. உதை விழுந்து முடிந்த பிறகுதான் உதையின் ஓசை கேட்டது.

அந்த ஞாயிறு தம்பி மூன்று ஆட்டங்களில் வென்றான். தோழன் கைதட்டிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிப் போனான்.

"என்னடா, ஜெயிச்சுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றார் அக்கா.

"நான் எங்க ஜெயிச்சேன்? அவன் விட்டுக்குடுத்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ஆளு அசையவே இல்லக்கா. பட்டனைத் தொடுற சத்தமே வரல. மூணு ஆட்டமும் அடி வாங்கிக்கிட்டு சும்மா நின்னான்." கையிலிருந்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா அவனை வர வேணாம்னு சொல்லிடறேன். பாவம் பாக்கறதுக்கு ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அவனும் வேணாம்."

அக்கா பட்டறை நோட்டை எடுத்தார்; புதிய பக்கத்தில் தேதியிட்டார்.

திங்களன்று, எமுலேட்டரை அதன் தொடக்க அமைப்புக்கே திருப்பி, தான் செய்த ஆறு மாற்றங்களையும் நீக்கினார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டார். பஃபர் என்னும் அமைப்பில்தான் சங்கதி இருக்கிறதென்று செவ்வாய்க்குள் தெளிவாயிற்று. அது ஒலியை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் தொட்டி. தொட்டி பெரிதானால் ஒலி தடையின்றி வரும், ஆனால் தாமதமாக வரும். சிறிதானால் உடனுக்குடன் வரும்; ஆனால் கணினி விரைந்து நிரப்பாவிட்டால் தொட்டி அடிக்கடி வறண்டு கரகரக்கும். தாமதத்தை அளக்கவும் ஒரு வழி கண்டார். பொத்தானை அழுத்தும் 'டிக்' ஓசையையும் உதையின் ஓசையையும் கைபேசியில் ஒன்றாகப் பதிந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பதிவின் அலைக்கோட்டில் பார்த்தார். தொட்டி பெரிதாக இருந்தபோது அது கால் நொடிக்கும் மேல் இருந்தது. தம்பியின் கம்பியில்லாத காதுக்கருவியை நீக்கிவிட்டுக் கம்பியுள்ளதைச் செருகியபோது அதில் பாதி குறைந்தது.

"பரவாயில்லையா?" என்றார்.

"பரவாயில்ல. ஆனா அவனை அடிக்க இது பத்தாது."

மிச்சத்தைக் குறைக்கப் பஃபரைச் சிறிதாக்கினால் மீண்டும் சரளைக்கல்.

புதனன்று மடிக்கணினியைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். பஃபரைச் சிறிதாக்கி ஓட்டினார். கரகரப்பே இல்லை! ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஒலி பிசிறவில்லை. மாலையில் துள்ளல் நடையோடு வீடு வந்து, தம்பியின் காதில் கருவியை மாட்டினார்.

"அக்கா, இதுவா சரியானது? கேலி பண்றியா?"

வாங்கிக் கேட்டார். அதே சரளைக்கல். வியாழனன்றும் இதே கதை: பட்டறையில் தங்கம், வீட்டில் தகரம்.

வேறொருவராக இருந்தால் அந்த மடிக்கணினியைத் தூக்கிக் கடாசியிருப்பார். தராசக்காவுக்கோ அப்போதுதான் காலடியில் திடமான தரை தட்டுப்பட்டது. ஒரு மளிகைக்கடைத் தராசு மூன்று முறை பட்டறைக்கு வந்து, மூன்று முறையும் அங்கே துல்லியமாக எடை காட்டியது அவருக்கு நினைவிருந்தது. குற்றம் தராசின்மேல் இல்லை; கடையில் அதற்கு நேர்மேலே சுழன்ற மின்விசிறியின்மேல். பட்டறையில் சரியாக இருப்பது வேறோர் இடத்தில் தவறினால், அந்த இடத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

வெள்ளி மாலை, பட்டறைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசையாக எழுதினார். மின்விசிறியை நிறுத்தினார். மாற்றமில்லை. பட்டறை மேசையின் ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து அடியில் போட்டார். மாற்றமில்லை. ஜன்னலைத் திறந்தார், கன்ட்ரோலரை வேறு துளையில் செருகினார். நோட்டில் 'இல்லை' என்னும் சொல் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டது. அடுத்ததை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது சார்ஜர் தட்டுப்பட்டது. வீட்டுக் கூடத்தில் அது பையை விட்டு வெளியே வந்திருக்கவேயில்லை.

வந்திருக்கவும் முடியாது. எட்டு ஆண்டுகளுக்கு முன், இஸ்திரிப்பெட்டியின் ஒயர் தடுக்கி விழுந்து தம்பிக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றே அக்கா ஒரு சட்டம் போட்டார்: இந்த வீட்டின் தரையில் ஒயர் கிடக்கக் கூடாது. எதையும் சமையலறை மேடைமேல் சார்ஜ் ஏற்றிக் கழற்றி எடுத்து வந்துதான் கூடத்தில் பயன்படுத்துவார்கள். பட்டறையிலோ மேசைமேலேயே பிளக் இருந்தது. கை தானாகச் செருகிவிடும். செருகியதை அவர் எழுதவுமில்லை.

சார்ஜரைச் செருகினார். கரகரப்பு அறுத்தாற்போல் நின்றது. பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த மடிக்கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் தொட்டி வறண்டது. சிக்கன முறையை அணைத்துவிட்டுப் பேட்டரியிலேயே ஓட்டிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அந்தக் கிழட்டுப் பேட்டரி கைவிரித்துவிட்டது. மீண்டும் சார்ஜரைச் செருகி ஆட்டத்தைத் தொடங்கியபோதுதான், ஒயர் தம்பியின் அறைவாசலுக்குக் குறுக்கே கிடப்பது அவர் கண்ணில் பட்டது. சட்டென்று பிடுங்கினார்.

"ஏன் நிறுத்தின? இப்பதானே சரியாச்சு!" என்று கத்தினான் தம்பி.

"ஒயர் உன் ரூம் வாசல்ல கெடக்குடா. வேற வழி பாக்கறேன்."

"பிளக் எந்தச் சுவர்ல இருக்கு?"

"வாசலுக்கு அந்தாண்ட. துணி பீரோவுக்குப் பின்னால."

"அப்ப பீரோவை நகத்து. மேசையை அங்க போடு. ஒயர் தரைக்கே வராது."

"பீரோவை மாத்தினா உனக்கு வீடே மாறிடும். எட்டு வருஷமா எதையும் ஒரு சாண்கூட நகத்தாம வெச்சிருக்கேன்."

"ஆஸ்பத்திரியில மூணு தடவை என் சீட்டை மாத்தினாங்க. நான் என்ன, சுவத்துல முட்டிக்கிட்டா நின்னேன்?" அவன் எழுந்து நின்றான். "சட்டம் போட்டியே, சரி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவன் படுத்திருந்த அன்று கேட்கத் தோன்றவில்லை, அதன்பிறகும் தோன்றவில்லை. அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"நீ அந்தப் பக்கம் பிடி. கால்ல போட்டுக்காத."

சனிக்கிழமை காலை முழுவதும் தம்பி கூடத்தில் நடந்தான். கதவிலிருந்து மேசைக்கு ஐந்து தப்படி; மேசையிலிருந்து பீரோவுக்கு மூன்று. இரண்டாம் சுற்றில் முழங்கால் இடித்தது. அக்கா பதறி எழுந்தார்.

"உக்காரு. புது இடத்துல நிக்குற பீரோகிட்ட அறிமுகம் ஆகிக்கிறேன்" என்றான். ஆறாம் சுற்றில் எங்கும் இடிக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் கூரியர்காரன் வந்தான். அக்கா அவனை வாசலிலேயே மடக்கினார்.

"போன வாரம் நீ என்ன பண்ணினேன்னு அவனுக்குத் தெரியும்."

அவன் முகம் சுருங்கியது. "அக்கா, சத்தம் லேட்டா வருது. அவன் காத்துல குத்திக்கிட்டிருந்தான். அதைப் பாத்துக்கிட்டு எப்படி அடிக்கச் சொல்றீங்க?"

"இன்னிக்கு லேட்டா வராது. கை வலிக்குற வரைக்கும் அடி. விட்டுக்குடுத்தா இந்தப் படியேறாத."

முதல் ஆட்டத்தில் தோழன் தயங்கித் தயங்கி ஆடினான். தம்பியின் ஆள் அவனை மூலையில் தள்ளித் துவைத்தெடுத்தான்.

"டேய், தூங்குறியா?" என்றான் தம்பி.

"இருடா, இப்பத்தான் முழிச்சிருக்கேன்."

இரண்டாம் ஆட்டத்தில் தோழன் உண்மையாகவே இறங்கினான். தம்பி தோற்றான். மூன்றாவதிலும் தோற்றான், நான்காவதில் படுதோல்வி. சமையலறை வாசலில் நின்ற அக்கா கையைப் பிசைந்தார். ஒலி மறுபடி தாமதமாகிறதோ? நோட்டை எடுக்கலாமா?

"அழுதுடாதடா, தொடைக்க என்கிட்ட கர்ச்சீப் இல்ல" என்றான் கூரியர்காரன்.

தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். இந்த வாரம் முழுவதும் கேட்காத சிரிப்பு. "உதை எல்லாம் சரியான நேரத்துலதான் கேட்டுச்சு. நான்தான் வாங்கினேன். வாயை மூடிட்டு அடுத்ததைப் போடு."

காதுக்கருவியை அழுத்திப் பொருத்திக்கொண்டான். இடக்காதுப் பக்கம் அவன் தலை சற்றே சாய்ந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல் காத்திருந்தது.

"ஐயோ!" என்று அலறினான் கூரியர்காரன்.