மரியதாசின் இடது கால்

போன கிழமை ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில், நேர்ஸ் ஒருத்தி என்னிடம் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தந்தாள். உள்ளே என் நண்பன் மரியதாசின் பனிச் சப்பாத்துகள், சோடியாக. அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு சப்பாத்தையும் ஏன் வைத்திருந்தார்களோ! பையைத் திறந்ததும் ஈரத்தோல் மணம் வந்தது. அந்த மணத்துக்கு என்னை யாழ்ப்பாணம் கொண்டுபோக விசா தேவைப்படவில்லை.

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு முதன்முதலாக பூட்ஸ் வந்த வருஷம் அது. அதுவரை வெறுங்கால்தான். கொழும்பிலிருந்து பெட்டியில் வந்த புதுத்தோலை ஆளுக்காள் மணந்து பார்த்தோம். உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள், முதல் ஆட்டத்தில் நான் பந்தை உதைத்ததைவிட விழுந்ததுதான் கூட. நான் லெப்ற் ஹாவ். அதாவது, லெப்ற் விங்கில் ஓடும் மரியதாசுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பவன். என்னிடம் அதற்கு மேல் ஒருவரும் எதிர்பார்க்கவுமில்லை.

அவன் மட்டும் பூட்சைத் தொடவில்லை. கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த கால். வெறுங்காலோடேயே அந்தப் பருவம் முழுக்கக் கோல் போட்டான். இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் எங்களைப் பழக்கிய மாஸ்ரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பூட்ஸ் போடாட்டி நீ வெளியில இரு."

போட்டுக்கொண்டு வந்தான். பாதி ஆட்டம் முழுக்கத் தடுமாறினான், நாங்கள் ஒரு கோல் பின்னால். இடைவேளையில் பூட்சைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இதுக்குள்ள என்ர காலுக்குக் கண் தெரியேல்லை மச்சான்."

மாஸ்ரர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். திரும்ப இறங்கிய கையோடு நான் கொடுத்த பந்தை மரியதாஸ் கோலாக்கினான். அடுத்த தடவை அவனை மறித்தவன் பூட்சோடு அவனுடைய இடது பாதத்தில் ஏறி மிதித்தான். மேல்பாதம் பிளந்து இரத்தம். காற்சட்டைப் பையிலிருந்த என் லேஞ்சியால் பாதத்தைக் கட்டிக்கொண்டு கடைசி விசில்வரை நொண்டி நொண்டி ஓடினான். தோற்றுத்தான் போனோம். அந்தத் தழும்பு மட்டும் மாறவேயில்லை.

பிறகு இந்தப் பனி நாடு. இங்கே வெறுங்காலுக்கு ஏது இடம்? பிறம்ரன் வெயார்ஹவுஸ் வேலையில் சேஃப்டி பூட்ஸ், வெளியில் பனிச் சப்பாத்து. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பாதத்தின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. இந்தப் பனிக்காலம் பேரனின் விளையாட்டுக் காரிலிருந்து கழன்ற சின்னச் சில்லு ஒன்று இடது சப்பாத்துக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. ஒருநாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறான், தெரியாமல். காற்றுக் குறைந்த பந்தைத் தொட்ட உடனே சொல்லிவிடுகிற கால் அது. புண் பழுத்தது, மிச்சத்தை டொக்டர்மார் செய்தார்கள்.

அந்த அணியில் இன்று உயிரோடிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பையோடு கட்டிலருகே போனபோது அவன் கண் திறந்தான்.

"மச்சான், அந்தத் தழும்பு கடிக்குதடா. ஒருக்கால் சொறிஞ்சு விடன்."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, போர்வையின் மேல் மெல்லச் சொறிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றான்.

கீழே சொறிந்தேன்.