பீரான் தேர்ந்தெடுத்த பிளாஸ்டிக்

வலியங்காடிச் சந்தையில் அரிசி மூட்டை சுமக்கும் எங்கள் குழுவில் பீரானைப் போல அடம்பிடிப்பவன் கிடையாது. நான் குழுவின் மூப்பன். யாருக்கு எந்த லோடு என்று சொல்வது என் வேலை. இருபத்தொரு வருடம் சுமந்தவனுக்கு முதுகெலும்பு ஒன்று நழுவி, இடது கால் மரத்துப்போனது. அவன் இடத்துக்கு வேறு ஆள் போடாமல் வைத்திருந்தேன். உடம்பு முடியாதவனுக்குக் குணமாகும்வரை, மிஞ்சினால் ஒரு வருடம், இடத்தை வைத்திருப்பது எங்கள் சங்க வழக்கம்.

நழுவிய எலும்பையும் அதற்கு அடுத்ததையும் ஒட்டவைக்க நடுவே சின்னக் கூடு ஒன்று வைக்க வேண்டும் என்றார் டாக்டர் பிரசன்னன். நானும் கூடப் போயிருந்தேன். மாதிரிக்கு இரண்டை மேஜைமேல் வைத்தார். ஒன்று டைட்டானியம், மற்றது கெட்டியான பிளாஸ்டிக்.

எதையும் தட்டிப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். பீரான் இரண்டையும் கையில் எடைபோட்டான். பிறகு பிளாஸ்டிக்கைத் தரையில் வைத்துக் குதிகாலால் ஒரே மிதி.

"என்னய்யா பண்றீங்க!" என்று டாக்டர் பதறினார்.

"தாங்குதான்னு பாத்தேன் சாரே. எது எத்தன கிலோ தாங்கும்?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தும் மூட்டை நெனப்புதான்!" என்று அவன் மனைவி ஆமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "டைட்டானியத்த எலும்பு நல்லாப் பிடிச்சுக்கும். ஆனா எக்ஸ்ரேல அது எலும்ப மறைக்கும். பிளாஸ்டிக்னா எலும்பு வளந்துச்சான்னு தெளிவாத் தெரியும். ரெண்டுமே கான்கிரீட் இறுகற வரைக்கும் குடுக்கற முட்டு மாதிரிதான். அப்புறம் தாங்கப்போறது உங்க எலும்பு. பீடிய விடலைன்னா எத வச்சும் புண்ணியமில்ல."

"அப்ப பிளாஸ்டிக்கே வைங்க. வளர்றத என் கண்ணால பாக்கணும்."

தாங்கப்போவது தன் எலும்புதான் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதையும் அவன் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

பீடியை விட்டான். ஆபரேஷனும் முடிந்தது. வேலைக்கு வராமல் நின்ற எட்டாம் மாதம் அங்காடிக்கு நேராக நடந்து வந்து, எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே பிடித்தான்.

"பாருங்க மூப்பா, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு!"

நடுவில் எலும்பு வெள்ளையாக, பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பலே ஆளுடா நீ! எப்ப வர்ற?"

அவன் லாரியைப் பார்த்தான். "பத்து கிலோதான் தூக்கலாமாம். எப்பவுமே. பத்து கிலோ மூட்டை ஏதாச்சும் வருதா மூப்பா?"

அரிசி ஐம்பது. சர்க்கரை ஐம்பது. மிளகாய்கூட இருபத்தைந்துக்குக் குறையாது. எனக்கு அந்தப் படத்தின்மேல்தான் கோபம் வந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்திருந்தால், இன்னும் ஒட்டவில்லை என்று சங்கத்தில் சொல்லி, அவன் இடத்தை மேலும் நான்கு மாதம் வைத்திருந்திருப்பேன்.