கை காட்டினால் நிற்கும் வண்டி

என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். அதே வண்டியில் நான் நடத்துநர். வீட்டில் போட்டு மிச்சம் வைத்த சண்டையை நாங்கள் வண்டியில் போடுகிறோம் என்பது அண்ணியின் புகார்.

சண்டைக்குக் காரணம் அண்ணனின் கால். யாராவது கை காட்டினால் போதும், அது பிரேக்கில் போய் உட்கார்ந்துவிடும். தெருமுனையில் ஒருவர், மருந்துக்கடை வாசலில் ஒருவர், பத்தடி தள்ளி இன்னொருவர். நின்று நின்று கிளம்பினால் டீசல் தண்ணீராய்ப் போகாதா? நானும் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன்.

நாட்டுக்கே எண்ணெய் கப்பலில்தான் வருகிறது. விலை ஏறியதும் அரசாங்கம் உத்தரவு போட்டது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டாத ஓட்டுநர் இனி டிப்போவில் வண்டி கழுவ வேண்டும். அண்ணன் நாலரையைத் தாண்டியதே இல்லை. வியாழக்கிழமை சோதனை.

"அன்னைக்கு ஒரு நாள் ஸ்டாப்புல மட்டும் நிறுத்துண்ணே."

"கை காட்டுறவங்கள எப்படிம்மா பாக்காத மாதிரி போறது?"

"கண்ண ரோட்டுல வை."

"அவங்களும் ரோட்டுலதான நிக்கிறாங்க?"

இவனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? டிக்கெட் கொடுக்கும்போதே பயணிகளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். வியாழக்கிழமை வழியில் யாரும் கை காட்டாதீர்கள், அண்ணன் கையைவிட்டு வண்டி போய்விடும் என்றேன்.

அன்று காலை டாங்க்கை விளிம்புவரை நிரப்பினார்கள். சோதனை அதிகாரி முன் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தெருமுனைக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் சில்லறையோடு ஒரே இடத்தில் வரிசையாக நின்றார்கள். நாள் முழுக்க வழியில் ஒரு கை எழவில்லை. தலை அரித்தவர்கூடச் சொறிந்திருக்க மாட்டார்.

கடைசி நடையில்தான் வந்தது வினை. ஒரு நிறுத்தத்தில் வண்டி கிளம்பிய பிறகு, தினமும் எங்களோடு வரும் தையல்கார அக்கா சந்திலிருந்து ஓடி வந்தார். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். வண்டி தயங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அக்கா சட்டென்று நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ போ தம்பி, நான் அடுத்த பஸ்ல வரேன்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினான்.

டிப்போவில் மறுபடி டாங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தார்கள். ஐந்து புள்ளி ஒன்று. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. உர்ரென்று இருந்த அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் அதே நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாயிற்று. நான் விசில் ஊதினேன். வண்டி நகரவில்லை.

"இன்னும் தையல்கார அக்கா வரல" என்று சொல்லி அண்ணன் இன்ஜினை அணைத்தான். "முறைக்காத. ஓடாத இன்ஜின் எங்க டீசல் குடிக்குது?"

நான் விசிலைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டியே அந்தச் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.